பதினேழாம் நம்பர் சீட்

சென்னைக் கடைக்காரர்கள் கேட்டது இரண்டே பக்கம். கிளாட்சன் ஃபைபர் வொர்க்ஸ் எப்படித் தொடங்கியது, இதுவரை என்ன செய்திருக்கிறது என்று எழுதித் தந்தால், தங்களுடைய பதினோரு கடைகளிலும் தங்கச்சிமடத்துக் குழந்தை வண்டிகளையும் கார் சீட்டுகளையும் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஜோதிமேரி ஒரு வாரமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல் கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் பக்கம் சுலபமாக வந்துவிட்டது. அவளுடைய அய்யா சூசைமுத்து ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர். அச்சின் மேல் கண்ணாடி நார்ப்பாயை விரித்து, ரெசின் பூசி, காயவிட்டு, மறுபடி விரித்துப் பூசுவதுதான் தொழில். 2011-ல் ஜோதிமேரியின் மகன் கிளாட்சனுக்கு எட்டு மாதம். மதுரையில் வாங்கிய தள்ளுவண்டி கோயில் திருவிழாவுக்குப் போகிற வழியில் மணலில் புதைந்து, நாலு பேர் சேர்ந்து பிள்ளையோடு தூக்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அடுத்த வாரம் சூசைமுத்து மிச்சமிருந்த ரெசினில் ஒரு சாண் அகலத்துக்கு நாலு சக்கரம் வார்த்து மாட்டினார். வண்டி மணல் மேல் தண்ணீரில் போவதுபோலப் போயிற்று.

புதுமடத்து டாக்ஸிக்காரர் ரிஃபாய் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கு இரண்டு கேட்டார். தனுஷ்கோடிக்குக் கைக்குழந்தையோடு வருகிற வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. அவரைப் பார்த்து மற்ற டாக்ஸிக்காரர்களும் கேட்டார்கள். நான்கு வருடத்தில் வள்ளம் கட்டுவது நின்று குழந்தை வண்டி மட்டும் என்றாயிற்று. பேரன் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்கள். அந்தப் பேரனுக்கு இப்போது பதினான்கு வயது. தன் பெயரில் ஒரு குழந்தை வண்டிக் கம்பெனி இருப்பதை அவன் பள்ளியில் யாரிடமும் மூச்சுவிடுவதில்லை.

இரண்டாவது பக்கத்தில்தான் கார் சீட் வந்தது. அங்கே ஜோதிமேரியின் பேனா நின்றது.

உலகத்தில் கார் சீட் செய்கிறவர்கள் அதைச் சுவரில் மோதவிட்டுப் பார்ப்பார்கள். சூசைமுத்து கடலில் போட்டுப் பார்த்தார்.

அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. இளவயதில் ஒரு புயலில், அலை தூக்கி எறிந்துவிடக் கூடாதென்று அவருடைய தம்பி ஜெபஸ்டின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி வள்ளத்தோடு இறுக முடிந்துகொண்டான். வள்ளம் கவிழ்ந்தது. மற்ற மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஜெபஸ்டின் வள்ளத்தோடு போனான். அதற்குப் பிறகு சூசைமுத்து கட்டிய எந்த வள்ளத்திலும், ஒரு நுனியை இழுத்தால் அவிழாத முடிச்சு ஒன்றுகூட இருந்ததில்லை. அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. கட்டிக்கொண்டவன் போவான், விடுபட்டவன் பிழைப்பான்.

ஆகவே 2016-ல் ரிஃபாய், "சூசையண்ணே, மெட்ராஸ் பார்ட்டியெல்லாம் பிள்ளைக்குக் கார் சீட்டு இருக்கான்னு கேக்குறாக, ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்று கேட்டபோது, சூசைமுத்துவின் கண்ணில் ஓடியது பாம்பன் பாலம். கார் பாலத்திலிருந்து கடலில் விழுந்தால் பிள்ளை என்ன ஆகும் என்றுதான் அவர் யோசித்தார். இரண்டு அடுக்கு ஃபைபருக்கு நடுவே தெர்மாகோல் வைத்து மிதக்கிற சீட் செய்தார். பிள்ளையைப் பிடிக்கும் வாரில் தானே யோசித்த ஒரு கொக்கியை மாட்டினார். பிள்ளையின் எடைக்கு மேல் ஓர் இழுப்பு வந்தால் அந்தக் கொக்கி தானாக விட்டுவிடும். மணல் மூட்டையைக் கட்டிக் கடலில் கவிழ்த்துப் பார்த்தார்கள். இரண்டு எண்ணுவதற்குள் மூட்டை விடுபட்டது, சீட் மிதந்தது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். தேவாலயத்துப் பங்குச்சாமி வந்து மந்திரித்துவிட்டுப் போனார். படகுக்கு நம்பர் போடுகிற மாதிரி ஒவ்வொரு சீட்டின் அடியிலும் நம்பர் பொறித்து, முப்பத்தொரு சீட் விற்றார்கள்.

அடுத்த கோடையில் ரிஃபாய் ஒரு நாள் டாக்ஸியைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் ஹாரனை அடித்தார். ஜோதிமேரி போய்ப் பார்த்தாள். முன்கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இருந்தது. சவாரி இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வாங்கிய தர்பூசணியை, உருளாமல் இருக்கட்டும் என்று, முன்னால் இருந்த கார் சீட்டில் வைத்து வாரைப் போட்டிருக்கிறார். உச்சிப்புளி தாண்டி ஆடுகள் குறுக்கே வந்திருக்கின்றன. பிரேக் போட்டிருக்கிறார்.

"தொடைக்காமக் கொண்டாந்தேன்" என்றார் ரிஃபாய். "நீங்க பாக்கணும்ல. யா அல்லாஹ், காலையில அந்தச் சீட்டுல ஒரு பிள்ளை உக்காந்து வந்துச்சு ஜோதி."

தெருவில் போகிற காரில் கட்டப்பட்டவன்தான் பிழைப்பான் என்பது அன்றைக்குத்தான் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தது.

பிறகு நடந்ததை ஜோதிமேரி இப்படி எழுதியிருந்தாள்: "விற்ற முப்பத்தொரு சீட்டுகளையும் வீடு வீடாகப் போய்த் திரும்பப் பெற்றோம். வடக்கே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பி மோதிப் பார்த்த, அமுக்கினால் மட்டுமே திறக்கும் பூட்டு வைத்த சீட்டுகளையே அதன்பின் செய்கிறோம்." எழுதி முடித்ததும், அச்சில் வரப்போகிற எண்ணாயிற்றே, ஒரு தடவை சரிபார்த்துவிடுவோம் என்று கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்த சீட்டுகள் எட்டு வருடமாக அங்கேதான் கவிழ்ந்து கிடந்தன. கோழிகள் அவற்றுக்கு அடியில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

முப்பது இருந்தது. மறுபடி எண்ணினாள். முப்பதுதான். ஒவ்வொன்றாகப் புரட்டி நம்பரைப் பார்த்தாள். கோழிகள் சத்தம் போட்டன. பதினேழு இல்லை.

சூசைமுத்து அச்சுக் கொட்டகையில் உப்புத்தாள் போட்டு ஒரு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, பதினேழாம் நம்பரு எங்க?"

தேய்ப்பது நிற்கவில்லை. "சாயல்குடியில."

"எல்லாம் வந்துருச்சுன்னீக?"

"அது வரல."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ கெளம்பிப் போயிருப்ப. நான்தான் போனேன்ல. அவுக தரல தாயி. அது சீர்ல வந்த சாமானாம். அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்துல தாய்மாமன் தட்டோட தூக்கிட்டு வந்து வச்சது. சீரைத் திருப்பிக் குடுக்க மாட்டோம்ட்டாக." சூசைமுத்து சக்கரத்தைத் திருப்பிவைத்தார். "அந்தப் பிள்ளைக்கு இப்பப் பத்து வயசு இருக்கும். சீட்டுலயா உக்காந்திருக்கப் போகுது?"

ஜோதிமேரி பழைய ரசீதின் பின்னால் அய்யா குறித்துவைத்திருந்த அந்த வீட்டு நம்பருக்குப் போன் போட்டாள். உமையாள் என்று ஒரு பெண் எடுத்தாள். சீட் நன்றாக இருக்கிறது என்றாள். பரணில்தான் கிடந்தது, இப்போது இரண்டாவது பிள்ளை கூத்தையாவுக்குப் பத்து மாதம், அவனுக்காக இறக்கிக் கழுவிக் காரில் மாட்டியிருக்கிறோம், நாளைக்கு விடிகாலையில் முடியெடுக்கத் திருச்செந்தூர் போகிறோம், என்ன விஷயம் என்று கேட்டாள்.

ஜோதிமேரி விஷயத்தைப் போனில் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பினாலும் ஒரு நாளைக்குத்தானே என்று போய்விடுவார்கள் என்று பட்டது. நேரில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டு, ரிஃபாயைக் கூப்பிட்டாள். புதுச் சீட் ஒன்று, புது வார், பூட்டு, அடியில் கொடுக்க இரும்புத் தகடு, துளைபோடும் மிஷின் எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றினாள். பின்சீட்டில் சூசைமுத்துவை ஏற்றினாள்.

"நான் எதுக்கு?" என்றார் அவர்.

"அன்னைக்குப் போயி என்ன சொன்னீக அவுககிட்ட?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வாரு கொஞ்சம் பழுது, வேற தாரேன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப யாருதான் குடுப்பாக? இன்னைக்கு நீங்களே உள்ளதைச் சொல்லுங்க."

பாலத்தில் காற்று அடித்தது. கீழக்கரையைத் தாண்டினார்கள். ஏர்வாடிப் பக்கம் சாலையோரத்தில் தர்பூசணி குவித்திருந்த இடத்தில் ரிஃபாய் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் போய்ப் பத்து மாதப் பிள்ளை கனத்துக்கு இரண்டு காயைத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தார்.

"எதுக்குண்ணே?" என்றாள் ஜோதிமேரி.

"ஒங்க அய்யா பேசுவாருன்னு நீ நம்புற. நான் இதை நம்புறேன்" என்றார் ரிஃபாய். பின்சீட்டில் சூசைமுத்து இருமினார்.

சாயல்குடிக்கு மேற்கே பனைகளுக்கு நடுவில் வீடு. வாசலில் வெள்ளைக் கார். அதன் பின்சீட்டில், கழுவித் துடைத்து, பளபளவென்று பதினேழாம் நம்பர் உட்கார்ந்திருந்தது. நாளைப் பயணத்துக்காக அதன் தலைமாட்டில் ஒரு முழம் மல்லிகைகூடச் சுற்றியிருந்தார்கள். உமையாளின் புருஷன் உக்கிரபாண்டி வெளியே வந்து மூன்று பேரையும் பார்த்தான். சூசைமுத்துவை அடையாளம் தெரிந்தது.

"பெரியவரே, இன்னும் அந்தச் சீட்டை விடலையா நீங்க? எட்டு வருசமாச்சே!" சிரித்தான். "எடுத்துட்டுப் போங்க. வேற ஒண்ணு புதுசா கொண்டாந்திருப்பீகல்ல. மச்சினன் முத்துகிருஷ்ணன் குடுத்ததுல இந்த வீட்டுல மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். அதுவும் தொலையட்டும்."

"எடுத்துப் பாருங்களேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உமையாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வாங்கக்கா. தண்ணி குடிங்க. சீட்டை மட்டும் கேக்காதீக."

விஷயம் இதுதான். உமையாளின் அண்ணன் முத்துகிருஷ்ணனும் உக்கிரபாண்டியும் ஒரு வரப்புத் தகராறில் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. கூத்தையா பிறந்ததற்கும் அண்ணன் வரவில்லை. சீரில் வந்த சாமான் வீட்டைவிட்டு வெளியே போனால் உறவு முறிந்தது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் அண்ணன் காதுக்குப் போய்விடும். உமையாள் இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அண்ணன் மடியில உக்கார வச்சு முடியெடுக்கணும் இவனுக்கு. அவரு வரமாட்டாரு. அவரு வச்ச சீட்டுலயாச்சும் உக்காந்து போகட்டும்னுதான் பரணுலருந்து எறக்குனேன்."

"அண்ணன் மடிக்குப் பதிலா இவளுக்கு ஃபைபர் மடி" என்றான் உக்கிரபாண்டி.

"சும்மா இருக்கீகளா."

ஜோதிமேரி அப்பாவைப் பார்த்தாள். சூசைமுத்து காருக்குள் தலையை விட்டு, தன் பழைய கொக்கியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். வெளியே வந்து வள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தெர்மாகோலைப் பற்றிப் பேசினார். ஃபைபர் இருபது வருடத்துக்குச் சாகாது என்றார். உமையாள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"அய்யா" என்றாள் ஜோதிமேரி.

சூசைமுத்து நிறுத்தினார். "இது விட்டுரும் தாயி" என்றார். "பிரேக்கு அடிச்சா, இந்தக் கொக்கி பிள்ளைய விட்டுரும். நான்தான் அப்பிடிச் செஞ்சேன். கடலுக்குச் செஞ்சேன். ரோட்டை நெனைக்கல."

உமையாள் இடுப்பிலிருந்த பிள்ளையை மார்புக்கு மாற்றினாள். "அப்பமே தெரியுமா ஒங்களுக்கு? அன்னைக்கு இங்கன வந்தப்பவே?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"வாய் வரல."

உக்கிரபாண்டி நம்பவில்லை. மாமனார் வீட்டுச் சாமான் மேல் அவனுக்கு எத்தனை கோபம் இருந்தாலும், வாசலில் நிற்கிற வெளியூர்க்காரன் அதைக் குறை சொல்வது பிடிக்கவில்லை போலிருந்தது. "என் மூத்த மக ரெண்டு வருசம் இதுலதான போனா. ஒண்ணும் ஆகலையே" என்றான். அப்போதுதான் ரிஃபாய் தர்பூசணியோடு வந்தார்.

"அண்ணே, இதை உக்கார வச்சு நீங்களே ஓட்டுங்க. நாப்பதுல போயி ஒரே மிதி மிதிங்க."

"என்ன பாய், திருஷ்டி கழிக்கிறீகளா? அதுக்குப் பூசணில்ல ஒடைக்கணும்" என்று உக்கிரபாண்டி சிரித்தான். ஆனாலும் சாவியை எடுத்தான். சீட்டில் தர்பூசணியை வைத்தார்கள். உமையாள் தானே குனிந்து, நாளைக்குப் பிள்ளைக்குப் போடப்போகிற மாதிரியே வாரைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். கார் உப்பளத்துப் பாதையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, வேகமாக வந்து, வீட்டுக்கு நேராக நின்றது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. சாக்கில் எதையோ போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். உக்கிரபாண்டி ஸ்டீரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் பின்கழுத்திலிருந்து சிவப்பாக வடிந்தது. ஒரு விதையை எடுத்துப் பார்த்தான். பெரிய மகள் உமாமகேஸ்வரி பள்ளிக்கூடப் பையோடு வாசலில் வந்து நின்று, "ஆத்தாடி, யாருப்பா வண்டிக்குள்ள பழம் தின்னது?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் புதுச் சீட்டுலயே போவோம்" என்றான் உக்கிரபாண்டி இறங்கி. சிரிப்பு போயிருந்தது.

உமையாள் பழைய சீட்டைப் பார்த்தபடி நின்றாள். அவள் அழவில்லை. கணக்குப் போடுகிறவள் போல நெற்றியைச் சுருக்கினாள். "அக்கா, கொக்கிதான கெட்டது? சீட்டு நல்லாத்தான இருக்கு?"

"சீட்டு வள்ளம் மாதிரி கெட்டியா இருக்கு. அதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப இங்கன வச்சே மாத்துங்க. சீரைத் திருப்பிக் குடுக்கத்தான் கூடாது. ரிப்பேர் பாக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லல."

ஜோதிமேரிக்கு இது தோன்றியிருக்கவில்லை. தகட்டையும் மிஷினையும் ஏன் டிக்கியில் ஏற்றினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கையில் இருந்ததையெல்லாம் ஏற்றிவிட்டாள், அவ்வளவுதான்.

வேப்பமரத்தடியில் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு வேலையைத் தொடங்கினார்கள். சூசைமுத்து துளை போட்டார். ஃபைபர் தூள் வெள்ளையாகப் பறந்தது. அடியில் இரும்புத் தகட்டைக் கொடுத்து, போல்ட்டை முறுக்கி, புது வாரை அதன் வழியாக விட்டு, ஜோதிமேரி தடித்த ஊசியால் நாலு வரிசை தைத்தாள். கம்பெனியில் மிஷின் தைப்பதைக் கையால் தைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. உக்கிரபாண்டி தன் சட்டையை மாற்றிவிட்டு வந்து போல்ட்டுக்கு ஸ்பானர் பிடித்தான். மச்சினன் கொடுத்த சாமானுக்கு ஸ்பானர் பிடிக்கிறோமே என்ற வருத்தம் முகத்தில் லேசாகத் தெரிந்தது.

பூட்டு மாட்டி முடித்ததும் சூசைமுத்து அதை இழுத்துப் பார்த்தார். காலைக் கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். விடவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்று ஜோதிமேரிக்குத் தெரிந்தது. எட்டு வருடமாக ஒவ்வொரு சீட்டையும் இப்படி இழுத்துப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் முகம் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது தர்பூசணியை வைத்து உக்கிரபாண்டி மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை ஐம்பதில் வந்து மிதித்தான். உமையாள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். காய் இருந்த இடத்திலேயே இருந்தது. வார் பட்ட இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"சீட்டு கெட்டிதான். குடுத்த ஆளுதான்..." என்று உக்கிரபாண்டி ஆரம்பித்தான். உமையாள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான். அந்தத் தர்பூசணியை வெட்டி எல்லாரும் சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது சூசைமுத்து தரையில் கிடந்த பழைய கொக்கியை எடுத்துச் சட்டைப் பையில் போடப் போனார்.

"பெரியவரே" என்றாள் உமையாள். "அதுவும் சீர்ல வந்ததுதான்."

அவர் அதை அவள் கையில் வைத்தார். உமையாள் அதைக் கழுவி, பீரோவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினாள். புதுச் சீட் டிக்கியிலேயே தங்கச்சிமடம் திரும்பிற்று.

மறுநாள் காலையில் ஜோதிமேரி தையல் மிஷினில் உட்கார்ந்தாளே தவிர வேலை ஓடவில்லை. சாயல்குடியிலிருந்து திருச்செந்தூர் எத்தனை மணி நேரம், வழியில் எத்தனை ஊர், எத்தனை ஆடு மாடு என்று மனம் போய்க்கொண்டிருந்தது. கையால் போட்ட தையல். நாலு வரிசை போதுமா, ஆறு போட்டிருக்கலாமா? சென்னைக்கு எழுதிய தாளை எடுத்து, முப்பத்தொன்று என்பதை அடித்தாள். "முப்பது திரும்பி வந்தன. ஒன்றை அது இருக்கும் வீட்டிலேயே சரிசெய்தோம்" என்று எழுதினாள். கடைக்காரர்களுக்கு இது பிடிக்குமா என்று தெரியவில்லை. கடலில் சோதித்ததையும் தர்பூசணியையும் அதற்கு மேலே சேர்த்தாள். இரண்டு பக்கம் மூன்றாயிற்று.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. அச்சுக் கொட்டகையில் உப்புத்தாள் சத்தம் நின்றது.

"அக்கா!" உமையாளின் குரல். பின்னால் பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. "கோயிலுக்கு வந்துட்டோம். பிள்ளைய எறக்க முடியல. அவுக இழுக்கிறாக, நான் இழுக்கிறேன், அவிழவே மாட்டேங்குது!"

சூசைமுத்து வாசலில் வந்து நின்றார். "அவிழலயா?" என்றார்.

"அவிழல" என்று ஜோதிமேரி அவரிடம் சொன்னாள். பிறகு போனில், "இழுக்காதீக. இழுத்தா அது விடாது. நடுவுல சிவப்பா ஒரு கட்டை இருக்கும், பெருவிரல வச்சு நல்லா அமுக்குங்க" என்றாள்.

"ஏங்க, இழுக்காதீகங்கிறாக. தள்ளுங்க, நான் அமுக்குறேன்."

பிள்ளை அழுதது. கோயில் வாசலில் யாரோ பூ விற்கிற சத்தம் கேட்டது. பிறகு டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. அழுகை சட்டென்று உமையாளின் குரலுக்குப் பக்கத்தில், அவள் தோளுக்கு வந்துவிட்டது.

ஜோதிமேரி போனை வைத்தாள். வாசலில் ஆள் இல்லை. கொட்டகையில் உப்புத்தாள் மறுபடி தேய்க்கத் தொடங்கியிருந்தது.